வில்லியம்ஸ் கூட்டறிகுறியும் மறைபொருள் பேச்சும்: ஓர் ஆய்வு வரலாறு

வில்லியம்ஸ் கூட்டறிகுறி என்பது ஏழாவது குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமல் போவதால் பிறவியிலேயே அமையும் மரபியல் நிலை. மருத்துவமனைகளில் இதை வில்லியம்ஸ் சிண்ட்ரோம் என்றே சொல்வர். 2002-இல் வெளிவந்த நார்வே ஆய்வொன்று ஏறத்தாழ 7,500 பிறப்புகளுக்கு ஒன்று என்று இதன் அளவை மதிப்பிட்டது. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி குறுகியிருத்தல், ஒருவருக்கொருவர் உடன்பிறந்தவர்போல் தோன்றும் முகச்சாயல், குக்கர் விசிலுக்குக்கூடக் காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு ஒலிக்கூச்சம், படம் வரைவதிலும் கட்டைகளை அடுக்குவதிலும் பெருந்தடுமாற்றம் ஆகியவை இதன் அடையாளங்கள். இவற்றோடு பேச்சும் உண்டு. இந்நிலை உள்ளவர்கள் பொதுவாக நன்றாகப் பேசுவார்கள். முன்பின் அறியாதவரிடமும் தயங்காமல் பேசுவார்கள்.

பேச்சு நன்றாக இருந்தால் புரிதலும் அதே அளவுக்கு இருக்கும் என்று ஆய்வுலகில் ஒரு பெரும்பகுதி பல ஆண்டுகள் எண்ணியிருந்தது. உருவகம், கேலி, குத்தல் பேச்சு போன்றவற்றைக் கொண்டு செய்த சோதனைகள் அந்த எண்ணத்தை உடைத்தன.

ஆக்லாந்தும் வேலூரும்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் உள்ள கிரீன் லேன் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் வில்லியம்ஸ் என்ற இளம் இதய மருத்துவர், பாரட்-பாய்ஸ், லோ ஆகிய இருவருடன் சேர்ந்து 1961-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பெருந்தமனி வால்வுக்கு மேலே குறுகல் கொண்ட நான்கு நோயாளிகள் முகத்தோற்றத்திலும் அறிவு வளர்ச்சித் தாமதத்திலும் ஒத்திருந்ததை அது பதிவுசெய்தது. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அலோயிஸ் போய்ரன் குழுவினரும் இதே சேர்க்கையைக் கண்டனர். இதனால் சில நூல்கள் இதை வில்லியம்ஸ்-போய்ரன் கூட்டறிகுறி என்கின்றன. பெயர் கொடுத்த வில்லியம்ஸ் சில ஆண்டுகளில் நியூசிலாந்தை விட்டு வெளியேறினார், பிறகு காணாமற்போனார். தம் பெயரால் ஒரு துறையே வளர்ந்ததை அவர் அறிந்தாரா என்பதற்கு விடை இல்லை.

அதே 1961-இல்தான் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், இந்தியாவின் தொடக்ககாலத் திறந்த இதய அறுவைச் சிகிச்சைகளுள் ஒன்று நடைபெற்றது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்தில் இந்நிலை எப்படி வெளிப்படும் என்பதை இந்த ஒற்றுமை விளக்குகிறது. மேல்விஷாரத்தை எடுத்துக்கொள்ளலாம். பாலாற்றை ஒட்டி, சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் அமைந்த இந்த நகராட்சி, தோல் பதனிடும் தொழிற்சாலைகளாலும் 1965-இல் தொடங்கிய சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியாலும் அறியப்படுவது. 2019 வரை வேலூர் மாவட்டத்தில் இருந்தது. இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்தது. இங்கே ஒரு கைக்குழந்தையின் நெஞ்சில் இரைச்சல் கேட்பதாக உள்ளூர் மருத்துவர் சொன்னால், குடும்பம் பெரும்பாலும் வேலூருக்குத்தான் பேருந்து ஏறும். ஆக்லாந்தில் நடந்ததுபோலவே இங்கும் இந்நிலை முதலில் இதயக் கோளாறாகத்தான் கண்ணில் படும். பேச்சைப் பற்றிய கேள்வி எழ நான்கைந்து ஆண்டுகள் ஆகும். பல வீடுகளில் எழுவதே இல்லை, குழந்தைதான் நன்றாகப் பேசுகிறதே!

காரணம் என்ன, யார் காரணம்

1993-இல் அமெரிக்காவின் யூட்டா மாநில ஆய்வாளர்களை உள்ளடக்கிய குழு, இந்நிலை உள்ளவர்களிடம் எலாஸ்டின் மரபணுவின் ஒரு பிரதி இல்லை என்று கண்டறிந்தது. எலாஸ்டின் என்பது இரத்தக்குழாய்ச் சுவருக்கு மீள்தன்மை தரும் புரதம். பெருந்தமனி குறுகுவதற்கான காரணம் இதனால் தெளிவானது. இல்லாமல் போவது அந்த ஒரு மரபணு மட்டும் அல்ல, அதை அடுத்திருக்கும் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட மரபணுக்களும் சேர்ந்தே என்பது பின்னர் உறுதியானது.

இத்துண்டின் இரு பக்கத்திலும் ஏறக்குறைய ஒரேமாதிரியான டி.என்.ஏ. வரிசைகள் இருக்கின்றன. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும் செல்பிரிவின்போது குரோமோசோம்கள் இணை சேரும். அப்போது சட்டையின் பொத்தானை அடுத்த துளையில் மாட்டிவிடுவதுபோல் ஓரிடம் தள்ளிச் சேர்ந்துவிட்டால் நடுத்துண்டு கழன்றுபோகிறது. தாய், தந்தை எவரிடமிருந்து வரும் குரோமோசோமிலும் இது நேரலாம். பெரும்பாலானோருக்கு இது அந்தத் தலைமுறையிலேயே புதிதாக நேர்ந்தது, முன்னோரிடமிருந்து வந்ததன்று. இந்நிலை உள்ள ஒருவருக்குப் பிள்ளை பிறந்தால் மட்டும் அப்பிள்ளைக்கு இது வர ஐம்பது விழுக்காடு வாய்ப்பு உண்டு.

வட ஆற்காட்டுப் பகுதியில் இந்த விவரத்துக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. உறவுக்குள் திருமணம் செய்யும் வழக்கம் தமிழ்நாட்டில் பல சமூகங்களில் பரவலானது. இரு பெற்றோரிடமும் ஒரே குறையுள்ள மரபணு மறைந்திருந்து பிள்ளையில் வெளிப்படும் நோய்களுக்கு உறவுத் திருமணம் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பது உண்மை. வில்லியம்ஸ் கூட்டறிகுறி அவ்வகையைச் சேர்ந்ததன்று. மாமன் மகளை மணந்ததாலோ கர்ப்பிணி கிரகணத்தில் வெளியே வந்ததாலோ இது வரவில்லை. ஒளிரும் குறியைக் கொண்டு குரோமோசோமில் எலாஸ்டின் இருக்கும் இடத்தைப் பார்க்கும் ஃபிஷ் சோதனையோ, அதற்குப் பின் வந்த நுண்வரிசைச் சோதனையோ துண்டு இல்லாததைக் காட்டிவிடும். பழி சுமக்கும் தாய்க்கு அந்த அறிக்கை ஒரு விடுதலைச் சீட்டு என்றே சொல்லலாம்.

பேச்சில் மயங்கிய காலம்

இக்குழந்தைகளின் பேச்சு 1964-லேயே கவனிக்கப்பட்டது. வான் ஆர்னிம், எங்கெல் என்ற இரு மருத்துவர்கள், தாங்கள் கண்ட குழந்தைகள் வியக்கத்தக்க வாயாடிகளாகவும் எளிதில் ஒட்டிக்கொள்பவர்களாகவும் இருப்பதை எழுதினர். அதன் அடியில் அச்சமும் பாதுகாப்பின்மையும் இருப்பதையும் சேர்த்தே எழுதினர். பின்னால் வந்தவர்கள் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை ஏறக்குறைய மறந்துவிட்டனர்.

1980களில் கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் உர்சுலா பெலூகி இத்துறையில் இறங்கினார். செவித்திறன் இல்லாதோரின் சைகைமொழியும் முழுமையான மொழியே என்று நிறுவுவதில் பெரும்பங்கு வகித்தவர் அவர். நுண்ணறிவு ஈவு 49 மட்டுமே இருந்த பதினெட்டு வயதுப் பெண்ணிடம் யானையை வரையச் சொன்னபோது கிடைத்தது எங்கெங்கோ சிதறிய சில கோடுகள். எது தும்பிக்கை, எது கால் என்று பெயர் எழுதினால்தான் தெரியும். யானையைப் பற்றிச் சொல்லச் சொன்னபோது அதே பெண் அதன் நிறம், காது, தும்பிக்கை, உணவு, குணம் என்று அழகான சொற்களில் விவரித்தார். விலங்குகளின் பெயர்களைச் சொல்லக் கேட்டால் இந்நிலை உள்ள சிலர் நாய், பூனையோடு நிற்காமல் யாக், ஐபெக்ஸ் என்று அரிய பெயர்களைச் சொன்னார்கள். படக்கதையைச் சொல்லும்போது குரலை ஏற்றி இறக்கிக் கேட்பவரைக் கட்டிப்போட்டார்கள்.

மொழி என்பது பொது அறிவிலிருந்து தனித்து இயங்கும் ஓர் உறுப்பு போன்றது என்று வாதிட்டவர்களுக்கு இதைவிட நல்ல சான்று கிடைத்திருக்க முடியாது. ஸ்டீவன் பிங்கர் 1994-இல் வெளியிட்ட 'தி லாங்குவேஜ் இன்ஸ்டிங்க்ட்' என்ற நூல் இச்சான்றைப் பொதுவாசகர்களிடம் கொண்டுசென்றது. அறிவு குறைந்தாலும் மொழி முழுமையாக நிற்கும் என்ற கருத்து பாடநூல்களிலும் புகுந்தது.

மறுப்பு லண்டனிலிருந்து வந்தது. அன்னெட் கார்மிலோஃப்-ஸ்மித் குழுவினர் 1997-இல் வெளியிட்ட கட்டுரை, முழுமை என்று சொல்லப்படும் மொழி எந்த அளவுக்கு முழுமையானது என்ற கேள்வியைத் தலைப்பிலேயே வைத்தது. பிரெஞ்சு பேசும் வில்லியம்ஸ் நிலையினருக்குப் புதிய சொற்களைக் கொடுத்தபோது பெயர்ச்சொல்லின் பாலுக்கேற்பப் பிற சொற்களை மாற்றுவதில் தவறினர். பழகிய சொற்களில் மறைந்திருந்த குறை புதுச்சொல்லில் வெளிப்பட்டது. அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழகத்தில் கரோலின் மெர்விஸ் வேறொரு விரிசலைக் காட்டினார். பொருள்களின் பெயர்களை அறிவதில் இக்குழந்தைகள் பலர் சராசரிக்கு அருகே நின்றனர். ஆனால் முன்-பின், மேல்-கீழ், கூட-குறைய, நேற்றைக்கு முந்தின நாள் என்ற வகையில் உறவைக் குறிக்கும் சொற்களில் மிகவும் பின்தங்கினர்.

முகம் தெரியும், மனம் தெரியுமா

மொழியைப் போலவே சமூக அறிவும் இக்குழந்தைகளிடம் முழுமையாக இருப்பதாக முதலில் கருதப்பட்டது. மனிதரை நாடுவது, முகத்தைக் கண்கொட்டாமல் பார்ப்பது, பிறர் வருந்தினால் உடனே தேற்றுவது ஆகியவற்றைப் பார்த்த எவருக்கும் அப்படித்தான் தோன்றும். 1998-இல் ஹெலன் டேகர்-ஃப்ளஸ்பர்க், சைமன் பேரன்-கோஹன் முதலியோர், கண்பகுதியை மட்டும் காட்டும் படங்களிலிருந்து ஒருவரின் மனநிலையைச் சொல்லும் சோதனையைச் செய்தனர். அதில் வில்லியம்ஸ் நிலையினர், பிராடர்-வில்லி என்ற வேறு மரபியல் நிலையினரைவிட நன்றாகச் செய்தனர்.

இரண்டே ஆண்டுகளில் டேகர்-ஃப்ளஸ்பர்க்கே இன்னொரு முடிவை வெளியிட்டார். ஒருவர் இல்லாதபோது பொருளை இடம் மாற்றி வைத்துவிட்டு, அவர் திரும்பி வந்து எங்கே தேடுவார் என்று கேட்கும் சோதனை உண்டு. பிறர் மனத்தில் தவறான நம்பிக்கை இருக்கக்கூடும் என்பதை உணர்ந்தவரே சரியான விடை சொல்வார். அதில் வில்லியம்ஸ் குழந்தைகள் ஒப்பிட்ட குழுவினரைவிட எவ்வகையிலும் முன்னிற்கவில்லை. ஆகவே சமூக அறிவை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று டேகர்-ஃப்ளஸ்பர்க்கும் கேட் சல்லிவனும் வாதிட்டனர்: முகத்தையும் குரலையும் கண்டு உணர்வை அறிவது ஒன்று, மற்றவர் என்ன நினைக்கிறார் என்று எண்ணிப் பார்ப்பது வேறொன்று. முதலாவது இவர்களிடம் ஒப்பளவில் நன்றாக இருக்கிறது, இரண்டாவது இல்லை.

2005-இல் மூளைப் படப்பிடிப்பு வழியாக ஆந்த்ரேயாஸ் மேயர்-லிண்டன்பெர்க் குழு இன்னொரு துண்டைச் சேர்த்தது. அச்சத்தை உணரும் அமிக்டலா என்ற மூளைப்பகுதி, மிரட்டும் முகங்களைக் கண்டபோது இவர்களிடம் வழக்கத்தைவிடக் குறைவாகவே கிளர்ந்தது. மிரட்டும் காட்சிகளைக் கண்டபோதோ வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கிளர்ந்தது. வான் ஆர்னிமும் எங்கெலும் எழுதிய அந்த மறந்துபோன இரண்டாம் பாதி, மனிதரிடம் அச்சமின்மையும் மற்றவற்றில் மிகுந்த அச்சமும், நாற்பது ஆண்டுகள் கழித்து இப்படித் திரும்பி வந்தது.

கேலியா, பொய்யா

ஒரு சிறுவன் வீட்டுப்பாடம் எழுதவில்லை. "எல்லாம் எழுதிட்டேம்மா" என்கிறான். அம்மா நோட்டைப் பார்க்கவே இல்லை என்றால் அது பொய். வெற்று நோட்டை அம்மா கையிலேயே பிடித்துக்கொண்டிருக்க, சிரித்தபடி அதையே சொன்னால் கேலி. சொற்கள் மாறவில்லை, நடப்பும் மாறவில்லை. மாறியது ஒன்றுதான்: அம்மாவுக்குத் தெரியும் என்பது சிறுவனுக்குத் தெரியும். கேட்பவர் இந்த இரண்டடுக்கு அறிதலைப் பிடிக்காவிட்டால் கேலி என்ற ஒன்றே அவருக்கு இருக்காது. நடப்போடு பொருந்தாத எல்லாமே பொய்யாகிவிடும்.

இதே அடிப்படையில் அமைந்த கதைகளைக் கொண்டு சல்லிவன், எலன் வின்னர், டேகர்-ஃப்ளஸ்பர்க் ஆகியோர் வளரிளம் பருவத்தினரைச் சோதித்து 2003-இல் முடிவை வெளியிட்டனர். வில்லியம்ஸ் நிலையினர் பெரும்பாலும் கேலியையும் பொய் என்றே சொன்னார்கள். ஒப்பிடப்பட்ட மற்றக் குழுக்களும் சிறப்பாகச் செய்யவில்லை. ஆனால் கவனிக்க வேண்டியது அதுவன்று. இவ்வளவு சரளமாகப் பேசுபவர்கள் அந்தச் சரளத்தால் ஒரு நன்மையும் பெறவில்லை என்பதே இச்சோதனை காட்டியது.

2009-இல் டக்மாரா அன்னஸ், மைக்கேல் தாமஸ், கார்மிலோஃப்-ஸ்மித் முதலியோர் செய்த ஆய்வு தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குத் தனிச்சுவை தருவது. அவர்கள் உருவகத்தையும் ஆகுபெயரையும் பிரித்துச் சோதித்தனர். ஊரே திரண்டு வந்தது என்றால் மக்கள் வந்தார்கள் என்று பொருள். தலைக்கு நூறு ரூபாய் என்றால் ஆளுக்கு நூறு ரூபாய். இவை ஆகுபெயர், சொல் தன்னோடு ஒட்டிய இன்னொன்றுக்கு ஆகி வருகிறது. அவன் ஒரு நரி என்பதோ உருவகம். தொடர்பே இல்லாத இரண்டு களங்களை ஒரு குணத்தால் இணைத்துப் பார்க்க வேண்டும். ஆகுபெயரைப் புரிந்துகொள்வதில் வில்லியம்ஸ் குழந்தைகள் தங்கள் சொல்லறிவுக்கு ஏற்ற அளவில் இருந்தனர். உருவகத்தில் அந்த அளவுக்கும் கீழே இறங்கினர். ஆகுபெயர் சொற்களஞ்சியத்தின் பகுதியாகவே வளர்கிறது, உருவகத்துக்குச் சொல்லறிவு மட்டும் போதாது என்பது ஆய்வாளர்கள் இதற்குத் தந்த விளக்கம்.

தொல்காப்பியம் ஆகுபெயரைச் சொல்லதிகாரத்தில் வேற்றுமை மயங்கியலிலும், உவமையைப் பொருளதிகாரத்தில் உவமவியலிலும் வைத்தது. ஒன்று சொல்லின் கூறு, மற்றது பொருளின் கூறு. லண்டன் ஆய்வுக்கும் இந்தப் பகுப்புக்கும் உறவு கற்பிப்பது மிகை. ஆயினும் பிரித்த இடம் ஒன்றாக இருப்பதைச் சொல்லாமல் விடவும் முடியவில்லை.

வருகிறேன் என்று சொல்லிப் போவது

ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கண்ட முடிவுகளைத் தமிழ்க் குழந்தையிடம் அப்படியே பொருத்த முடியாது. சோதனைத் தொடர்களை மொழிபெயர்த்தால் மரபுத்தொடர் செத்துவிடும். தமிழிலேயே தொடர் அமைத்தாலும் எதைத் தேர்வது என்ற சிக்கல் உண்டு. தமிழில் விடைபெறுபவர் 'போகிறேன்' என்று சொல்வதில்லை, 'வருகிறேன்' என்கிறார். நன்னூல் தகுதி வழக்கு என்று வகுத்த மூன்றும், அதாவது இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி ஆகியவை, இன்றும் வீட்டிலும் கடையிலும் புழங்குகின்றன. விளக்கை அணை என்னாமல் குளிர வை என்பதும், இறந்தார் என்னாமல் காலமானார் என்பதும் நேர்ச்சொல்லாகக் கேட்டால் விளங்காதவை.

ஆனால் இவை உறைந்த தொடர்கள். ஆயிரம் முறை கேட்ட குழந்தை அவற்றை ஒரு சொல்லைப்போலவே கற்றுக்கொள்ளும். வில்லியம்ஸ் நிலையினர் சிலரின் பேச்சில் இத்தகைய ஆயத்தத் தொடர்களும் உபசாரச் சொற்களும் நிறைந்திருப்பதை லண்டனில் ஓர்லி உட்வினும் வில்லியம் யூலும் 1990-இல் காட்டினர். ஆகவே 'தலைக்கு மேல வேலை' என்று ஒரு குழந்தை சொல்வதை வைத்து அதற்கு உருவகம் புரிகிறது என்று முடிவுகட்ட முடியாது. அந்த நிமிடம் பிறந்த பேச்சில்தான் சோதனை இருக்கிறது. பால் கொட்டிய பிள்ளையிடம் பாட்டி "ரொம்ப நல்ல வேலை செஞ்ச" என்கிறார். மற்றக் குழந்தை தலைகுனியும். இக்குழந்தை பாராட்டு என்று மகிழ்ந்து பாட்டியைக் கட்டிக்கொள்ளலாம். குறும்பு என்று அடி விழுவதற்கு இது போதும்.

மேல்விஷாரம் போன்ற ஊரில் இன்னொரு அடுக்கும் உண்டு. தமிழும் உருதும் அருகருகே வழங்குமிடத்தில் குழந்தை இரு மொழியிலும் தொடர்களைப் பொறுக்கிக்கொள்ளும். இரண்டிலும் சரளமாகப் பேசும் பிள்ளைக்குப் புரிதலில் குறை இருக்கும் என்று ஆசிரியருக்கு எளிதில் தோன்றாது. உளவியலாளர் ஒரு மொழியில் மட்டும் சோதித்தால் கிடைப்பது அரைப்படமே.

சரளம் மறைப்பது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அறிவுசார் குறைபாட்டைப் பகுத்தறிதல், கற்றல் போன்ற அறிவுத்திறன்களில் மட்டும் அன்றி அன்றாட வாழ்க்கைக்கும் சமூகத்துக்கும் வேண்டிய திறன்களிலும் உள்ள குறைபாடாக வரையறுக்கிறது. நேரில் பேசிப்பார்த்து மதிப்பிடும் எவரையும் வில்லியம்ஸ் நிலையினர் தம் பேச்சால் ஏமாற்றிவிடுவர், ஏமாற்றும் எண்ணமே இல்லாமல். சில்லறையை எண்ணத் தெரியாதவர், பேருந்து நிலையத்தில் கூப்பிட்டவரோடு போய்விடக்கூடியவர், உதவி தேவைப்படாதவராகத் தோன்றுவார். புகழ்ச்சிக்கும் வஞ்சப்புகழ்ச்சிக்கும், நட்புக்கும் நடிப்புக்கும் வேறுபாடு காண முடியாமையும் அறியாதவரை அஞ்சாமையும் சேர்ந்தால் விளையும் ஆபத்து, குறிப்பாக வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கு, சோதனைத்தாளில் தெரியும் மதிப்பெண்ணைவிடப் பெரியது.

வேலூரில் இதற்குப் பயன்படும் ஒரு மரபு உண்டு. கனடாவிலிருந்து வந்த ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் 1950களில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய மனநலப் பிரிவு, நோயாளியோடு குடும்பத்தினரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்பதை வழக்கமாக்கியது. அதன் வழிவந்த குழந்தைகள் பிரிவான நம்பிக்கை நிலையத்தில், அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோரைக் குழுவாக உட்காரவைத்துக் கலந்துபேசும் முறை ஆராயப்பட்டது. வெறும் சொற்பொழிவு கேட்ட பெற்றோரைவிடக் கலந்துபேசிய பெற்றோருக்குத் தம் குழந்தையைப் பற்றிய மனப்பான்மை கூடுதலாக மேம்பட்டது என்று பால் ரஸ்ஸல் முதலியோர் 1999-இல் வெளியிட்டனர். அது வில்லியம்ஸ் கூட்டறிகுறிக்கென்று செய்த ஆய்வன்று. ஆனாலும் இந்நிலையில் மாறவேண்டிய பேச்சு முதலில் பெரியவர்களுடையது என்பதால் அம்முறை இங்கே பொருந்துகிறது. "நல்ல வேலை செஞ்ச" என்பதற்குப் பதில் "பால் கொட்டிப்போச்சு, எனக்குக் கோபம், துணி எடுத்துட்டு வா" என்று சொல்லப் பழகுவதும், கேலி செய்தபின் "சும்மா வெளயாட்டுக்குச் சொன்னேன்" என்று சேர்த்துச் சொல்வதும், யார் வீட்டார், யார் அயலார் என்பதைப் படம் ஒட்டிய அட்டையில் வைத்துத் திரும்பத் திரும்பக் காட்டுவதும் அவ்வகைப் பயிற்சிகள். முகங்களை நினைவில் வைப்பதில் இக்குழந்தைகள் வல்லவர்கள் என்பதால் கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் விளையாட்டுப்போலவே நடக்கும்.